கொர்போ துறையில் இறக்கிய ஏழு மூட்டை

பதினேழு நாள் கடலில் கிடந்தபிறகு பிரான்வென்னுக்கு வாய் நிறையப் பச்சைக் கீரை தின்ன வேண்டும் போலிருந்தது. ஆடாத நாற்காலி ஒன்றில் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் படகிலிருந்து அந்தக் குப்பையை இறக்கியாக வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் ஏழு மூட்டை. அவளும் கணவனும் ஓட்டிவந்த பாய்மரப் படகு 'மொர்வென்னா'வின் மூக்குப் பக்கத்து அறையில், மாற்றுப் பாய்களுக்கு நடுவே அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அறைக்கும் அவர்கள் படுக்கைக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர் ஒன்றுதான். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகளை விட்டுக் கிளம்பிய நாலாம் நாளே வாடை சுவரைத் தாண்டிவிட்டது. பத்தாம் நாள் அது தலையணையில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. பிரான்வென் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்த நீலநிறக் கட்டுத்துணியைக் கிழித்து, ஒவ்வொரு மூட்டையின் கழுத்தையும் இறுக்கிக் கட்டினாள்.

அவள் லேசில் முகம் சுளிக்கிறவள் இல்லை. வேல்ஸில், சொந்த ஊரான கார்டிஃபில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் நர்ஸாக இருந்தவள். சீழையும் வாந்தியையும் படுக்கைப்புண்ணையும் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே மதியச் சாப்பாட்டுக்குப் போனவள். ஆனால் ஆஸ்பத்திரியில் அசிங்கம் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு போக ஒருவர் வருவார். இங்கே அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்க வேண்டியிருந்தது.

சட்டம் போட்டது அவள் கணவன் அலஸ்டேர். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சாப்பாட்டு மிச்சத்தைத் தவிர ஒரு தீக்குச்சிகூடக் கடலில் விழக் கூடாது என்பான். டின்னைக் கடல்நீரில் அலசி நசுக்க வேண்டும். பால் பெட்டியைப் பிரித்து மடிக்க வேண்டும். படகுக் கக்கூஸின் குழாய் குறுகலானது, காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் துடைத்த காகிதமும் மூட்டைக்குத்தான். இதையெல்லாம் அவன் இணையத்தில் நாட்குறிப்பாக எழுதினான். நாலாயிரம் பேர் படித்தார்கள். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் 'கடலுக்குள் போட்டது: பூஜ்யம்' என்று ஒரு வரி இருக்கும்.

அந்த நாட்குறிப்பில் வராத விஷயம் ஒன்று உண்டு. அறுபது தாண்டியதிலிருந்து பிரான்வென்னுக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்துவிடும். அலை பெரிதாக இருக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். அதற்கென்று விற்கிற பஞ்சுப் பட்டைகள் ஒரு நாளைக்கு நாலைந்து தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுருட்டி, அலஸ்டேர் பார்க்காத நேரமாகப் பார்த்து மூட்டைக்குள் அமுக்குவாள். அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பான். முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் அதை அவனுடைய நாகரிகம் என்றே அவள் நினைத்துவந்தாள்.

சமுத்திரத்துக்கு அக்கரையில், ஒரு சின்னத் தீவின் கொர்போ துறையில் நங்கூரம் போட்ட மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள், மஞ்சளும் பச்சையும் அடித்த மரப்படகு ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. பேர் இக்னேஷியஸ் என்று அவனே சொன்னான்.

"கும்பிடறேன் கேப்டன், கும்பிடறேன் மேடம்! வாங்க வாங்க. வாழப்பழம் இருக்கு, எலுமிச்ச இருக்கு. ஐஸ் வேணும்னா சொல்லுங்க, பத்து நிமிஷம். குப்பை இருக்கா? குப்பை நான் எடுத்துக்கறேன். பத்து டாலர், நம்ம தீவு டாலர்தான்."

"எங்க கொண்டு போவ?" என்று அலஸ்டேர் கேட்டான்.

"கிடங்குக்கு, கேப்டன். மலைக்கு அந்தப் பக்கம். லாரி வரும்."

"லாரி தினமும் வருமா?" என்றாள் பிரான்வென்.

இக்னேஷியஸ் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். "வரும் மேடம். வர்றப்ப வரும்."

மாத்திரை போட்டீர்களா என்று முப்பத்துநாலு வருஷம் நோயாளிகளிடம் கேட்டவளுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் புரியாமல் இல்லை. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் மூட்டைகள் ஏற்கனவே மேல்தளத்துக்கு வந்துவிட்டன. வெயிலில் அவற்றின் வாடை எழும்பி முகத்தில் அறைந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது மூட்டையைக் கை மாற்றும்போது அடியில் ஓட்டை. பழுப்பாக ஏதோ வழிந்து இக்னேஷியஸின் வெறும் பாதத்தில் விழுந்தது. அவன் பாதத்தைப் படகுக்கு வெளியே நீட்டிக் கடலில் அலசிக்கொண்டு, முகத்தில் இருந்த சிரிப்பு மாறாமல் நாலாவது மூட்டைக்குக் கை நீட்டினான். அலஸ்டேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்பாடா," என்றான் அலஸ்டேர், மரப்படகு போனதும். "இப்பதான் மூச்சே வருது. குளிச்சுட்டுக் கிளம்பு பிரான், ஊருக்குள்ள போகலாம்."

ரப்பர் படகைத் துறைமேடையில் கட்டிவிட்டு ஏறியபோது பிரான்வென்னுக்குத் தரை ஆடியது. பதினேழு நாள் ஆடிய உடம்பு நிற்க மறந்துவிட்டது. அலஸ்டேர் பையிலிருந்து கைகழுவும் திரவத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டான். துறைமேடைக் கைப்பிடியைத் தொட்டதற்கு ஒரு தடவை. குடிவரவு அலுவலகத்தில் பேனா வாங்கியதற்கு ஒரு தடவை. அந்த எலுமிச்சை வாசனை அன்று முழுக்க அவன் கூடவே வந்தது.

சந்தையில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கலலூக் கீரை கட்டுக் கட்டாக, தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. இரண்டு கட்டு வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு முகர்ந்தாள். அலஸ்டேர் அதற்குள் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தான். மீன் வெட்டும் பலகை. அதன் மேல் ஈ. சாக்கடை ஓரம் படுத்திருந்த நாய். சாக்கடை.

"ஏய் மிஸ்டர், மீனை வாங்கப் போறியா, இல்ல படம் புடிச்சு வயித்த நெரப்பப் போறியா?" என்றாள் மீன்காரி.

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அலஸ்டேரும் சிரித்து வைத்தான். நாலடி தள்ளிப் போனதும், "குடலை எங்க எறியறா பாத்தியா? அப்படியே வாய்க்கால்ல. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல," என்றான்.

"மீன் குடல்தானே. நாமளும் கடல்ல போடறோமே."

"அது வேற, பிரான்."

சொல்லிவிட்டு வாய்க்காலை இன்னொரு படம் எடுத்தான்.

மதியம் கரையோர மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்தார்கள். படகுக்காரர்கள் கூடும் இடம். ஆறேழு பேர், எல்லாருக்கும் வெயிலில் உரிந்த மூக்கு. பேச்சு எல்லாம் காற்று, பாய், கிழிசல், எந்தத் தீவில் டீசல் மலிவு என்பதுதான். அலஸ்டேர் தன் பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னான். ஒரு ஸ்வீடன்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வறுத்த மீனும் சீமைப்பலாவும் வந்தன. அலஸ்டேர் தண்ணீர்க் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வேறு குவளை கேட்டு வாங்கினான்.

பிரான்வென் ஆடாத நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் இரண்டாவது பியருக்குப் பிறகு அடிவயிறு நெருக்க ஆரம்பித்தது. கடையின் கழிப்பறைக் கதவில் தண்ணீர் இல்லை என்று அட்டை தொங்கியது. பணிப்பெண் தோளைக் குலுக்கினாள். ரப்பர் படகில் திரும்பிப் போகும் அளவுக்கு நேரமில்லை என்று பிரான்வென்னின் உடம்பு அவளுக்குத் தெளிவாகச் சொன்னது. எழுந்து, கடைக்குப் பின்னால் போன சந்தில் வேகமாக நடந்தாள்.

சந்தின் முடிவில், கம்பங்கள் மேல் நின்ற ஒரு பலகை வீட்டின் முன்னால், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மாவு அப்பங்களைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி ஒருத்தி காலைப் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

"உள்ள போ, கண்ணு, பின்னாடி இருக்கு. எதுக்கு இப்படி நடனம் ஆடற? இதுக்கெல்லாமா வெக்கம்? போ, போ, ஓடு!"

கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில், தகரம் அடித்து நின்றது. உள்ளே சுத்தமாக இருந்தது. ஒரு வாளியில் தண்ணீரும், ஆணியில் மாட்டிய துண்டுக் காகிதமும் இருந்தன. பிரான்வென் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் மூக்கு விழித்துக்கொண்டது.

அது கழிப்பறை வாடை இல்லை. கழிப்பறை வாடையை அவள் அறிவாள். இது புளித்த பாலும் மத்தி மீன் எண்ணெயும் கலந்த வாடை. பதினேழு நாள் அவள் தலையணையில் இருந்த வாடை.

கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தாள். ஓடை என்றால் தண்ணீர் தெரிய வேண்டும். தண்ணீர் தெரியவில்லை. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே, கரையிலிருந்து கரை வரை, கறுப்புப் பைகள். பிதுங்கியவை, கிழிந்தவை, வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமானவை. ஜெர்மன் எழுத்துப் போட்ட பால் பெட்டிகள், பிரெஞ்சு எண்ணெய் டின்கள், என்ஜின் எண்ணெய் கேன்கள். எல்லாவற்றின் மேலும் ஒரு கொழகொழப்பான படலம் வானவில் நிறங்களில் மின்னியது. ஈக்கள் ஒரே சத்தமாக இரைந்தன. மரங்களே இரைவது போலிருந்தது.

"என்ன, காட்சி நல்லாருக்கா?" அப்பக்காரி கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"இது ஊர்க் குப்பையா?"

"எங்க ஊர்ல எவ அந்த பிரெஞ்சு எண்ணெய் வாங்கறா? எல்லாம் உங்க வெள்ளப் படகுங்க வயித்துலேர்ந்து வந்தது. மழை வந்தா பாதி கடலுக்குப் போகும். மீதிக்கு நான் இருக்கேன், வெர்லின். முன்னல்லாம் இந்த ஓடையில நண்டு புடிப்போம். இப்ப நண்டு இருக்கு, எவன் திம்பான்?"

"அடப்பாவமே," என்றாள் பிரான்வென்.

சொன்ன உடனே அந்தக் குரல் அவள் காதிலேயே விழுந்தது. நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் போகிறவர்களின் குரல். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத குரல். நாக்கில் ஏதோ அழுகியதை வைத்தது போல இருந்தது.

வேர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிப் பன்றி கயிற்றில் கட்டிக் கிடந்தது. அது ஒரு மூட்டைக்குள் தோள்வரை தலையை விட்டு உறுமிக்கொண்டிருந்தது. மூட்டையின் கழுத்தில் நீலத்துணி. சுற்றிலும் செய்தித்தாள் துண்டுகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் குறுக்கெழுத்துக் கட்டங்கள். கட்டங்களில் அவளுடைய கையெழுத்து.

பன்றி தலையை வெளியே எடுத்தது. வாயில் ஒரு பஞ்சுப் பட்டை. ஊறி, உப்பி, இரண்டு மடங்காக இருந்தது. பன்றி அதைக் கடைவாய்க்குத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ஓரங்களில் மஞ்சளாக வழிந்தது.

"பிரான்! உன்னை எங்கெல்லாம் தேடறது?"

அலஸ்டேர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். ஓடையைப் பார்த்ததும் நின்றான். கையால் மூக்கைப் பொத்தினான். இன்னொரு கை தானாகக் கைபேசியை எடுத்தது.

"கடவுளே. நகராத, பிரான், நகராத. அந்தப் பன்னி இந்தப் பக்கம் திரும்பட்டும்." குனிந்து, ஒரு காலை முன்னால் வைத்து, படம் எடுத்தான். இன்னொன்று எடுத்தான். "இதத்தான் எழுதணும்னு நெனச்சேன். நாம ஒரு சமுத்திரம் பூரா ஒரு தீக்குச்சி போடாம வர்றோம். இவங்க பாரு, சொந்த வீட்டுக் கொல்லையில. எப்படித்தான் மனுஷங்களால இதுக்குள்ள இருக்க முடியுதோ!"

வெர்லின் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. அவளை அந்த அலையாத்தி மரங்களில் ஒன்றாக எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. வெர்லினின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின.

"அலஸ்டேர், அது என்னோடது," என்றாள் பிரான்வென்.

"எது?"

"பன்னி வாயில இருக்கறது."

அவன் கைபேசித் திரையைப் பார்த்தான். படத்தை விரல்களால் பெரிதாக்கினான். அவன் காதுகள் சிவப்பதை அவள் பார்த்தாள்.

வெர்லின் பன்றியைப் பார்த்தாள், பிரான்வென்னைப் பார்த்தாள், பிறகு வெடித்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வீட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ ஏசுவே! என் பன்னிக்கு மூத்திரப் பஞ்சு ஊட்டவா இவ்வளவு தூரம் வந்தே, கண்ணு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்ற இடம் தெரியாமல் நின்றது. "இந்தப் பன்னிய கிறிஸ்துமஸுக்கு வெட்டறதுக்குன்னு வளக்கறேன். இன்னும் மூணு வாரம் இருக்கு. நாங்க திங்கப் போறது இது."

பன்றி மென்றது.

"இத இவ்வளவு சத்தமா சொல்லணுமா?" என்றான் அலஸ்டேர் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு நிமிர்ந்தான். "அந்த இக்னேஷியஸ்! லாரி வரும்னு சொல்லி ஏமாத்திட்டான். போலீஸ்ல சொல்றேன். குடுத்த பத்து டாலர திருப்பி வாங்காம விடமாட்டேன்."

"சொல்லேன்," என்றாள் வெர்லின். "இக்னேஷியஸ் என் கூடப்பொறந்தவன். எந்த லாரி? அச்சு முறிஞ்சு ரெண்டு வருஷமா நகரசபை ஆபீஸ் பின்னாடி நிக்குதே, அதுவா? அதுக்குள்ள கோழி முட்ட போடுது. அவன் எங்க கொண்டு போவான், தலமாட்டுல வச்சுப் படுக்கவா? நான் நித்தம் அவனத் திட்டறேன். அவன் கொண்டாந்து போடற மீனையும் வாங்கி வச்சுக்கறேன். நான் ஒண்ணும் தேவத இல்ல, மிஸ்டர். ஆனா உன் பீய எங்கிட்ட குடுத்துட்டு, அத வச்சே என்னப் படம் புடிக்கிற பாரு, அந்த வித்த எனக்குத் தெரியாது."

அலஸ்டேர் பையைத் திறந்து கைகழுவும் திரவத்தைத் தேடினான். எலுமிச்சை வாசனை வந்தது. பிரான்வென்னுக்கு அந்த வாசனையில்தான் முதன்முதலாகக் குமட்டியது.

"சாக்கு இருக்குமா?" என்று வெர்லினைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"என்னோடத நான் எடுத்துட்டுப் போறேன்."

வெர்லின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னோடத எடுத்தா மிச்சம்?"

"மிச்சத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அந்தப் பதில் வெர்லினுக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளே போய் நாலு மாவுச் சாக்குகளையும், கைக்கு மாட்டிக்கொள்ள இரண்டு ரொட்டிப் பைகளையும் கொண்டுவந்து போட்டாள். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பன்றியைத் தள்ளி நிறுத்தினாள். வாயிலிருந்த பட்டையைப் பிரான்வென் இழுக்க வேண்டியிருந்தது. பன்றி விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அது பாதியாகக் கிழிந்து, ஊறிய பஞ்சு அவள் மணிக்கட்டு வரை அப்பியது.

சேறு வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் வரை உள்ளே இழுத்தது. நீலக்கட்டுப் போட்ட மூட்டைகளைத் தேடித் தேடி இழுத்தாள். இழுத்தபோது அடி பிய்ந்து எல்லாம் கொட்டியது. துடைத்த காகிதங்கள் சேற்றில் கரைந்து கூழாகிவிட்டன. அவற்றைக் கையால் வழித்துப் போட்டாள். ஆண் துடைத்தது எது, பெண் துடைத்தது எது என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. புழுக்கள் ரொட்டிப் பைகளின் மேல் ஏறின.

"பிரான், போதும். ஏதாவது நோய் வந்துடும். வெளிய வா, சந்துல ஆளுங்க நின்னு பாக்கறாங்க."

"இறங்கி ஒரு பக்கம் புடி."

"இந்தச் செருப்போடயா?"

அவள் அடுத்த மூட்டையைத் தானே இழுத்தாள். நாலு மூட்டைதான் கிடைத்தது. மற்ற மூன்றும் ஓடையின் வாய்ப்பக்கமாக நகர்ந்து போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் கடல் நீலமாகத் தெரிந்தது.

வெர்லின் ஒரு வாளித் தண்ணீரை அவள் கால்களில் ஊற்றினாள். "அப்பம் தரட்டா?" என்றாள். பிரான்வென் தலையாட்டி மறுத்தாள். வெர்லின் வற்புறுத்தவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

சாக்குகளை இரண்டிரண்டாக இழுத்துக்கொண்டு சந்தில் நடந்தாள் பிரான்வென். கொஞ்ச தூரம் இழுத்து வைத்துவிட்டு, திரும்பிப் போய் அடுத்த இரண்டை இழுத்து வர வேண்டும். சேற்றுக் கோடு ஒன்று அவள் பின்னாலேயே வந்தது. அலஸ்டேர் முதலில் பத்தடி முன்னால் நடந்தான். மதுக்கடை நெருங்கியபோது அது முப்பது அடியாயிற்று. கடையில் ஸ்வீடன்காரர் தன் நாற்காலியை உள்பக்கம் நகர்த்திக்கொண்டார். அலஸ்டேர் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, யாரோ ஒரு பெண் தற்செயலாகத் தன் பின்னால் வருவது போல நடந்தான். அந்த முதுகை அவள் முப்பத்தொரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். சட்டை இஸ்திரி கலையவில்லை.

துறைமேடையில் அவன் ரப்பர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இதுல ஏத்தாத. வாடை போகவே போகாது. இங்கயே ஓரமா வச்சுட்டு வா, யாராவது எடுத்துடுவாங்க."

"யாரு?"

அவள் சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கினாள், தானும் இறங்கினாள், அவன் கையிலிருந்த கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினாள். அவன் கூப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இக்னேஷியஸின் படகு அவனைக் கொண்டுவந்து விட்டது. வேறு ஏதோ படகில் வாங்கிய அரை டஜன் கறுப்பு மூட்டைகளுக்கு நடுவே, முழங்காலை மார்போடு ஒட்டிக்கொண்டு, எதிலும் படாமல் உட்கார்ந்திருந்தான் அலஸ்டேர். ஏணியில் ஏறி, நேரே கீழே போய்விட்டான்.

"அதுவும் வெர்லின் வீட்டு ஓடைக்கா?" என்று பிரான்வென் மூட்டைகளைக் காட்டிக் கேட்டாள்.

இக்னேஷியஸ் இந்தத் தடவை கயிற்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். "மேடம், காலையில நீங்க கேட்டீங்க. நான் சொன்னது பொய்னு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்," என்றாள்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவன் படகைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவள் சாக்குகளை முன்தளத்தில் கட்டிவிட்டு, கடல்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தாள். நகக்கண்களில் இருந்தது போகவில்லை. கீழே இறங்கியபோது அலஸ்டேர் மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தான். திரையில் பன்றி. தலைப்பு: 'சொர்க்கத்தின் கொல்லைப்புறம்'.

"இத போடப் போறியா?"

"முக்கியமான விஷயம், பிரான். ஜனங்களுக்குத் தெரியணும்." பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டு சொன்னான்: "நீ கவலப்படாத. வாய்ப் பகுதிய வெட்டிட்டேன். என்னன்னு யாருக்கும் தெரியாது. உனக்காகத்தான்."

அவன் அதை உண்மையாகவே அன்போடு சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. முப்பத்துநாலு வருஷ வேலையில் ஒரு நாளும் வாந்தி எடுக்காதவள், படியேறி ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும் போல எடுத்தாள். கீழேயிருந்து அவன், "நான் சொல்லல? அந்தச் சேறுதான்," என்றான்.

மறுநாள் விடியலில் வடக்கே கிளம்பினார்கள். பெரிய தீவுக்கு இரண்டு நாள் ஓட்டம். காற்று எதிரிலிருந்து வந்தது. முன்தளத்துச் சாக்குகளின் வாடை நேராகச் சுக்கான் பிடித்து நின்ற அலஸ்டேரின் முகத்துக்கே போனது. சாக்குகளை நகர்த்தச் சொல்லி ஒரு தடவை சொன்னான். அவள் கீழே படுத்து நன்றாகத் தூங்கினாள்.

பெரிய தீவின் துறைமுகத்தில் உண்மையாகவே லாரி இருந்தது. எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்டாள். "குழிக்குத்தான், வேற எங்க?" என்றான். நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முகத்தை வெளியே வைத்துக்கொண்டே மலை ஏறினான். குழியில் நாரைகள் கூட்டமாக நின்றன. நாலு சாக்கும் விழுந்து, புல்டோசர் வந்து மண்ணைத் தள்ளி மூடும்வரை நின்று பார்த்தாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள்; ஆகவில்லை. மற்ற மூன்று மூட்டைகள் எங்கே மிதக்கின்றனவோ.

அதே லாரியில் ஊருக்குள் இறங்கி, அதே துணியோடு விமான டிக்கெட் அலுவலகத்துக்குள் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் மூக்கைச் சுருக்கி, தன்னையறியாமலே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

பிரான்வென் நகரவில்லை.

"கார்டிஃபுக்கு," என்றாள். "ஒரு ஆளுக்கு."